உங்கள் கடை வாசலில் விழும் மழை எங்கே போகிறது? புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

புதிதாகக் கடையோ பட்டறையோ தொடங்குகிறவர்கள் வாடகை, முன்பணம், தொழில் உரிமம், மின் இணைப்பு, பெயர்ப்பலகை என்று எல்லாவற்றுக்கும் அலைவார்கள். மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. முதல் பெருமழையில் தண்ணீர் படியேறி உள்ளே வரும்போதோ, நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வரும்போதோதான் அந்த நினைப்பே வரும்.

எனக்கும் நோட்டீஸ் வந்துதான் புத்தி வந்தது. பட்டறையின் பின்பக்கம் தரை கழுவிய தண்ணீரை மூன்று வருடமாக ஒரு இரும்புச் சல்லடைக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். அது கழிவுநீர்க் குழாய் என்று உறுதியாக நம்பினேன். ஆய்வுக்கு வந்த பெண் குனிந்து சல்லடையைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கருப்புச் சகதி. அதன் மேல் தேங்கியிருந்த தண்ணீரில் மயில்கழுத்து நிறத்தில் எண்ணெய்ப் படலம் மெதுவாகச் சுழன்றது. “இது நேரா ஆத்துக்குப் போகுதுங்க, நடுவுல சுத்திகரிப்பு எதுவும் கிடையாது” என்றார். அந்தத் தவறை இன்னொருவர் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தக் குழாய் எங்கே போகிறது

ஊரின் அடியில் பொதுவாக இரண்டு வலைகள் ஓடுகின்றன. ஒன்று கழிவுநீர்க் குழாய். கழிப்பறை, சமையலறைத் தொட்டி, குளியலறை எல்லாம் அதில் சேர்ந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். இன்னொன்று மழைநீர் வடிகால். தெருவோரச் சல்லடைகளில் விழும் தண்ணீரை வாங்கி, பெரும்பாலும் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் பக்கத்து ஓடையிலோ ஏரியிலோ ஆற்றிலோ கடலிலோ விட்டுவிடும். உங்கள் வாசல் சல்லடைக்குள் ஒரு வாளி சோப்புத் தண்ணீரை ஊற்றுவதும், ஆற்றங்கரையில் நின்று ஊற்றுவதும் ஒன்றுதான்.

பழைய நகரங்கள் சிலவற்றில் இரண்டும் ஒரே குழாயில் ஓடும். வெயில் நாளில் அதனால் தொல்லை இல்லை, எல்லாமே சுத்திகரிப்புக்குப் போய்விடும். பெருமழையில் குழாய் தாங்காமல் போகும்போது கழிவுநீரும் மழைநீரும் கலந்து ஆற்றில் வழியும். அப்படிப்பட்ட ஊரில் உங்கள் இடத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதும் முக்கியம். எவ்வளவு அழுக்கு போகிறது என்பது எந்த ஊரிலும் முக்கியம்.

ஆகவே முதல் வேலை, நகராட்சியின் பொறியியல் பிரிவுக்குப் போய் உங்கள் மனைக்கான வடிகால் வரைபடத்தைக் கேட்பது. அது கிடைக்கத் தாமதமானால் நீங்களே பார்க்கலாம். ஒரு வாரம் மழையே இல்லாத நாளில் சல்லடை வழியாக எட்டிப் பாருங்கள். மழைநீர் வடிகால் என்றால் அன்றைக்குக் காய்ந்து கிடக்க வேண்டும். காய்ந்த நாளிலும் தண்ணீர் ஓடுகிறது, அதிலும் நுரையோ நாற்றமோ வருகிறது என்றால் மேலே யாரோ தவறான இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அதை நகராட்சிக்குச் சொல்லுங்கள். அந்த இணைப்பு உங்கள் கட்டடத்திலிருந்தே வந்திருக்கவும் கூடும். முந்தைய வாடகைதாரர் கை கழுவும் தொட்டியை எதில் இணைத்தார் என்று யாருக்குத் தெரியும்?

ஒன்று மட்டும் கண்டிப்பாக. ஆள்நுழைவுக் குழியின் மூடியை நீங்களாகத் திறக்காதீர்கள், யாரையும் உள்ளே இறக்காதீர்கள். அடியில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு, அளவு கூடினால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்து இறங்கியவர்கள் மேலே வரவில்லை. அவர்களைக் காப்பாற்ற இறங்கியவர்களும் பல இடங்களில் வரவில்லை.

மழையில் நின்று பாருங்கள்

இதைவிடப் பயனுள்ள ஆய்வு எனக்குத் தெரிந்து இல்லை. நல்ல மழை பிடித்ததும் குடையோடு வெளியே போய் அரை மணி நேரம் நில்லுங்கள். கூரைத் தண்ணீர் எந்தக் குழாய் வழியாக இறங்குகிறது, தரையில் எங்கே வாட்டம், எங்கே குட்டை கட்டுகிறது, பக்கத்து மனையின் தண்ணீர் உங்கள் பக்கம் வருகிறதா, குப்பைத் தொட்டியைச் சுற்றி வரும் தண்ணீர் என்ன நிறம் என்று எல்லாவற்றையும் பார்த்து ஒரு காகிதத்தில் அம்புக்குறி போட்டு வரைந்துகொள்ளுங்கள். கைபேசியில் படமும் எடுத்துவையுங்கள். பிறகு அலுவலகத்தில் பேசும்போது இந்தக் காகிதம் ஆயிரம் வார்த்தைக்குச் சமம்.

முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். பல நாளாகத் தரையில் படிந்த தூசு, எண்ணெய், டயர்த் துகள், சிகரெட் துண்டு எல்லாம் அந்த முதல் தண்ணீரோடுதான் போகும். நடைபாதைக்கும் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் ஏதாவது தடுப்பு வைப்பதானால், அந்த முதல் தண்ணீரைப் பிடிக்கும் இடத்தில் வையுங்கள்.

அப்புறம் கணக்கு. இது ரொம்ப எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. பெய்தால் 2,000 லிட்டர், அதாவது 200 லிட்டர் டிரம் பத்து. கான்கிரீட், தார், தகரம் மேல் விழுவதில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு அப்படியே ஓடிவிடும். மணற்பாங்கான புல்தரையில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் ஓடும். முன்பு மண்தரையாக இருந்த இடத்தை முழுக்கச் சிமென்ட் பூசிவிட்டால் தெருவுக்குப் போகும் தண்ணீர் எத்தனை மடங்காகிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு தெருவில் இருபது பேர் இதைச் செய்தால் குழாய் தாங்காது.

குழாய்க்கும் ஓர் அளவு உண்டு. “பத்தாண்டு மழைக்கு வடிவமைத்தது” என்று பொறியாளர் சொன்னால், பத்து வருடத்துக்கு ஒரு தடவைதான் வழியும் என்று பொருள் இல்லை. எந்த ஒரு வருடத்திலும் அந்த அளவு மழை வர 10 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்றுதான் பொருள். பத்து வருடம் சேர்த்துப் பார்த்தால், ஒரு தடவையாவது வர ஏறத்தாழ 65 சதவீத வாய்ப்பு. போன வருடம்தான் வந்தது, இனி வராது என்று சரக்கைத் தரையில் அடுக்கி வைக்காதீர்கள்.

சல்லடைக்குள் போகக் கூடாதவை

சட்டம் எங்கும் ஏறக்குறைய ஒன்றைத்தான் சொல்கிறது: மழைநீர் வடிகாலில் மழைநீர் மட்டும். அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் முதலில் ஆலைக் குழாய்களையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் குறிவைத்தது. 1987-இல் அதைத் திருத்தி, நகரங்களின் மழைநீர் வடிகால்களையும் அனுமதி முறைக்குள் கொண்டுவந்தார்கள். சின்னச் சின்ன இடங்களிலிருந்து சொட்டுச் சொட்டாக வருவதெல்லாம் சேர்ந்து ஆற்றைக் கெடுக்கிறது என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது. அந்தச் சின்ன இடங்கள்தான் நம் கடைகள்.

நடைமுறையில் அடிக்கடி நடக்கும் தவறு, தரை துடைத்த தண்ணீரைப் பின்வாசலில் கொட்டுவது. வேலை முடிந்து களைத்துப் போனவர் வாளியை எடுத்து வெளியே வீசுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. உள்ளே தரையோடு ஒட்டிய ஒரு கழுவு தொட்டி, கழிவுநீர்க் குழாயில் இணைத்து, பின்வாசலைவிடப் பக்கத்தில் இருந்தால் அவர் அதில்தான் ஊற்றுவார். பலகை எழுதி மாட்டுவதைவிட அந்தத் தொட்டி நூறு மடங்கு வேலை செய்யும்.

“மக்கும் சோப்பு” என்று புட்டியில் எழுதியிருந்தாலும் ஏமாற வேண்டாம். மக்குவதற்கு நாள் ஆகும். அதுவரை அது மீனின் செவுள் மேல் இருக்கும் வழுவழுப்பைக் கரைத்துக்கொண்டுதான் இருக்கும். வண்டி கழுவும் தண்ணீரில் சோப்பு மட்டும் இல்லை, பிரேக் தேய்மானத்திலிருந்து வரும் செம்பு, டயரிலிருந்து வரும் துத்தநாகம் எல்லாம் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் கூட்டம் கூட்டமாகச் செத்தன. காரணம் தெரியாமல் பல வருடம் தேடினார்கள். டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றில் ஓசோனோடு சேர்ந்து மாறும்போது உண்டாகும் நஞ்சுதான் காரணம் என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். சாலையில் யார் கண்ணுக்கும் தெரியாத தூசு அது.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் சிமென்ட் கலவை கழுவிய தண்ணீரைக் கவனியுங்கள். பார்க்கச் சாம்பல் நிறத்தில் சாதுவாக இருக்கும். அதன் காரத்தன்மை கைத்தோலைப் புண்ணாக்கும் அளவுக்கு இருக்கும். அதை ஒரு தார்ப்பாய் விரித்த பள்ளத்தில் விட்டுக் காயவைத்து, கெட்டியானதும் கட்டட இடிபாடாக அப்புறப்படுத்த வேண்டும். பெயின்ட் தூரிகை கழுவிய தண்ணீர், குளோரின் போட்ட தொட்டித் தண்ணீர், குளிர்சாதனக் கருவியை ரசாயனம் போட்டுக் கழுவிய தண்ணீர், இவையும் சல்லடைப் பக்கம் போகக் கூடாது.

உணவகம் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கிரீஸ் டிராப், அதாவது சமையலறைத் தண்ணீரிலிருந்து எண்ணெயையும் கொழுப்பையும் பிடித்து நிறுத்தும் தொட்டி, கழிவுநீர்க் குழாய்க்கானது, மழைநீர் வடிகாலுக்கானது அல்ல. அதில் எண்ணெய்ப் படலமும் அடிச் சகதியும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கு ஆனதும் சுத்தம் செய்ய வேண்டும். வெந்நீர் ஊற்றிக் கரைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கரைந்த கொழுப்பு தெருக் குழாயில் போய் ஆறி உறையும். அடைத்துக்கொண்டால் அந்தக் கழிவுநீர் மேலே பொங்கி, பக்கத்தில் இருக்கும் மழைநீர் வடிகாலுக்குள்தான் இறங்கும்.

சரி, என்ன செய்வது

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். தரையைக் கழுவுவதற்கு முன் பெருக்குங்கள். எண்ணெய் சிந்தினால் மரத்தூள் போட்டு உறிஞ்சி அள்ளுங்கள், தண்ணீர் விட்டு அடிக்காதீர்கள். குப்பைத் தொட்டிக்கு மூடியும், முடிந்தால் மேலே ஒரு கூரையும் போடுங்கள். மழை படாத எதுவும் மழைநீரை அழுக்காக்காது. எண்ணெய் டிரம், பேட்டரி, ரசாயனக் கேன் எல்லாம் கூரைக்கு அடியில், விளிம்பு உயர்ந்த தட்டின் மேல் இருக்கட்டும். ஒரு கேன் முழுக்கக் கசிந்தாலும் அந்தத் தட்டு தாங்க வேண்டும்.

சல்லடைக்கு அடியில் இருக்கும் சகதித் தொட்டியைப் பாதி நிறைவதற்குள் தூர்வாருங்கள். அந்தச் சகதியை ஓரமாகக் குவித்து வைத்தால் அடுத்த மழையில் மறுபடி உள்ளேதான் போகும். வண்டி பழுது பார்க்கும் இடமாக இருந்தால் எண்ணெய் பிரிப்பான் தேவைப்படும். வாங்குவதற்கு முன் நகராட்சியிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். அதைப் பொருத்தியவர்கள் பலர் பிறகு அதைத் திறந்தே பார்ப்பதில்லை. நிறைந்த பிரிப்பான் பெருமழையில் பழைய எண்ணெயையும் சேர்த்து வெளியே தள்ளும்.

அடுத்தது, தண்ணீரை உங்கள் மனையிலேயே கொஞ்சம் நிறுத்துவது. கூரைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்துத் தரை கழுவவும் செடிக்கும் பயன்படுத்தலாம். வாசல் ஓரம் ஒரு தாழ்வான செடிப்பாத்தி அமைத்து, கூரைக் குழாயை அதில் திருப்பிவிடலாம். கட்டடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளி இருக்கட்டும், அஸ்திவாரத்துக்கு ஈரம் போகக் கூடாது. 15 முதல் 20 செ.மீ. ஆழம் போதும். அதற்கு முன் மண்ணைச் சோதியுங்கள். 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி, ஒரு தடவை தண்ணீர் நிரப்பி உறிஞ்சவிட்டு, மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஒன்றரை செ.மீ. கூட இறங்கவில்லை என்றால் களிமண் அதிகம். அடியில் சரளையும் துளையிட்ட குழாயும் இல்லாமல் அந்தப் பாத்தி குட்டையாகிவிடும். நல்ல பாத்தியில் இரண்டு நாளுக்குள் தண்ணீர் வற்ற வேண்டும். கொசு முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம் அளவில் ஆகும் என்பதால் இரண்டு நாள் கெடு பாதுகாப்பானது.

நல்லது செய்யப்போய்க் கெடுதல் ஆகும் ஓர் இடம் இருக்கிறது. எரிபொருள் நிரப்பும் இடம், வண்டி பழுது பார்க்கும் முற்றம், ரசாயனம் இறக்கும் தளம், இங்கெல்லாம் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் கசிவுக் குழி வைக்காதீர்கள். அழுக்குத் தண்ணீரை நேராக நிலத்தடி நீருக்குக் குழாய் போட்டு அனுப்பியதாகிவிடும். கூரைத் தண்ணீரைத் தனியாகப் பிரித்து மண்ணுக்குள் விடுங்கள், முற்றத்துத் தண்ணீரைப் பிரிப்பான் வழியாக அனுப்புங்கள். இந்த ஒரு பிரிவினையைக் கட்டும்போதே செய்துவிட்டால் பின்னால் தரையை உடைக்க வேண்டியிருக்காது.

தண்ணீர் உறிஞ்சும் பேவர் (தரைக்கல்) பதிக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் இடுக்குகள் மண்ணால் அடைத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஓரிரு முறை உறிஞ்சு கருவி வைத்துச் சுத்தம் செய்ய ஆள் இருந்தால் மட்டும் போடுங்கள்.

நகராட்சியிடம் போகும்போது

கட்டடத்தை விரிவாக்கினாலோ, முற்றத்தைத் தளம் போட்டாலோ, மழைநீர்த் திட்டம் கேட்பது இப்போது பல நகரங்களில் வழக்கம். சிங்கப்பூரில் 2014 முதல், 0.2 ஹெக்டேரோ அதற்கு மேலோ உள்ள மனைகளில் புதிதாகக் கட்டுவோரும் திரும்பக் கட்டுவோரும் பெருமழை உச்சத்தில் ஓடும் தண்ணீரைத் தங்கள் இடத்திலேயே பிடித்து நிறுத்தி, மெதுவாக விட வேண்டும். உங்கள் ஊரில் அளவு வேறாக இருக்கும். ஆனால் தரை போட்ட பிறகு கேட்பதைவிட முன்பே கேட்பது எங்கும் மலிவு.

கட்டணத்தையும் விசாரியுங்கள். அமெரிக்காவின் பெல்வியூ நகரம் 1974-இலேயே மழைநீருக்கென்று தனி அமைப்பை ஏற்படுத்தி, கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஜெர்மனியில் பல ஊர்களில் கழிவுநீருக்கு ஒரு கட்டணம், மனையில் தண்ணீர் உறிஞ்சாத பரப்பளவுக்கு இன்னொரு கட்டணம். இந்த முறை இருக்கும் இடங்களில், தளத்தைக் குறைத்தாலோ செடிப்பாத்தி வைத்தாலோ தள்ளுபடி கிடைக்கலாம். விண்ணப்பித்தால்தான் கிடைக்கும், தானாக வராது. உங்கள் பில்லில் காட்டியிருக்கும் பரப்பளவு சரியா என்று டேப் பிடித்து ஒரு தடவை அளந்தும் பாருங்கள். வான்படத்தை வைத்துக் கணக்கிடும்போது மரநிழலையும் சரளைத் தரையையும் தளமாக எடுத்துக்கொள்வது நடக்கக்கூடியதுதான்.

தெருவே வழிகிறது, உங்கள் ஒருவரால் ஆகாது என்றால் வார்டு உறுப்பினரைப் பாருங்கள். அப்புறம் மன்றக் கூட்டம். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வாங்கிப் படித்து, பொதுமக்கள் பேசும் நேரத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டும். பேசக் கிடைப்பது சில நிமிடம்தான். “எங்கள் தெருவில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது” என்று சொன்னால் யாருக்கும் எதுவும் பிடிபடாது. “இந்தத் தேதி, இத்தனை மணிக்கு, இந்த எண் சல்லடைக்கு முன்னால் முழங்கால் அளவு, இத்தனை மணி நேரத்தில் வடிந்தது, இதோ படம்” என்று சொன்னால் பொறியாளர் பேனாவை எடுப்பார். பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுப்பது நல்லது. வரவு செலவுத் திட்டம் தயாராகும் மாதங்களுக்கு முன்பே கொடுங்கள். பணம் ஒதுக்கி முடித்த பிறகு வரும் நல்ல யோசனை அடுத்த வருடத்துக்குத்தான் போகும்.

ஆய்வாளர் வந்தால் பதற வேண்டாம். எனக்கு வந்த நோட்டீஸில் சரிசெய்ய முப்பது நாள் கொடுத்திருந்தார்கள். கழுவு தொட்டி வைத்து, சகதித் தொட்டியைத் தூர்வாரி, படம் எடுத்து அனுப்பினேன். அபராதம் இல்லாமல் முடிந்தது. மறைக்காமல், செய்ததைத் தேதியோடு காட்டினால் பேச வழி இருக்கும். அதற்காகவே ஒரு நோட்டு வைத்திருங்கள். எப்போது தூர்வாரினீர்கள், எப்போது கிரீஸ் டிராப் சுத்தம் செய்தீர்கள், யார் அள்ளிக்கொண்டு போனார்கள், ரசீது எங்கே என்று நான்கு வரி போதும்.

சிந்திவிட்டால்

வாசல் பக்கத்தில் ஒரு மூடிய பெட்டி இருக்கட்டும். அதில் மரத்தூளோ உறிஞ்சு பொடியோ ஒரு மூட்டை, ரப்பர் கையுறை, மண்வாரி, தடித்த பிளாஸ்டிக் பை, சல்லடையை மூட ஒரு ரப்பர் விரிப்பு, பக்கத்திலேயே நகராட்சியின் அவசர எண் எழுதிய அட்டை. சிந்தியதும் முதலில் கசியும் கேனை நிமிர்த்துங்கள், உடனே சல்லடையை மூடுங்கள், பிறகு சுற்றிலும் மரத்தூளால் வரப்புப் போடுங்கள். அள்ளுவது கடைசி. பதற்றத்தில் எல்லோரும் முதலில் தண்ணீர்க் குழாயைத்தான் திறப்பார்கள். அதனால் இதை வேலைக்கு வருகிற எல்லோருக்கும் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிச் செய்து காட்டுங்கள். சல்லடைக்குள் கொஞ்சமாவது போய்விட்டால், எவ்வளவு போனது என்று தெரியாவிட்டாலும் உடனே நகராட்சியைக் கூப்பிடுங்கள். சிந்திய முதல் அரை மணிக்குள் தெரிந்தால் கீழே அடுத்த குழியிலேயே அடைத்து உறிஞ்சிவிட முடியும். ஆற்றில் கலந்துவிட்டால் முடியாது.